ஈச்சம்பள்ளத்தில் ஆறு கட்டங்கள்

சேற்றில் நான்கு மூங்கில் குச்சிகளை அடித்து, சணல் கயிறு கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரமாக நான் அமைத்திருந்த கட்டத்தின் ஓரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். தலையில் மாட்டுக்கு அறுத்த பெரிய புல்லுக்கட்டு. அவர் போக வேண்டிய தடத்தின் குறுக்கே என் கயிறு. தாண்டிப் போயிருக்கலாம். கால் பட்டால் கயிறு அறுந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, அவ்வளவு பாரத்தோடு கட்டத்தைச் சுற்றிக்கொண்டு சேற்றின் ஆழமான பக்கமாக நடந்தார். ஒரு கால் தொடை வரை இறங்கியது. தலைக்கட்டு அசையவில்லை. கரையேறி நின்று திரும்பிப் பார்த்து, "தாயக்கட்டம் அழகா போட்டிருக்கீங்க. காயி எங்கங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைய என் நாட்குறிப்பில் இப்படித்தான் இருக்கிறது: மேகமூட்டம், காற்று இல்லை, மூன்றாம் கட்டம் முடிய மாலை நான்கு பத்து, புல்லுக்கட்டோடு பெண் ஒருவர் அவ்வழியே சென்றார்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் உதவியாளராக இருக்கிறேன். உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, பெயரும் இடமும் எழுதி, அலமாரியில் வரிசை தப்பாமல் அடுக்குவது என் வேலை. நாட்குறிப்பு எழுதுவது அதற்கும் முந்தைய பழக்கம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பேராசிரியர் என்னை ஏற்காடு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் எல்லையிலிருந்த அந்தப் பள்ளத்துக்கு அனுப்பினார். எஸ்டேட்டின் குடிதண்ணீர் அந்தப் பள்ளத்து ஊற்றிலிருந்துதான் வந்தது. பள்ளத்தில் ஆட்களும் மாடுகளும் புழங்குவதால் அங்குள்ள செடிகொடிகள் அழிந்துவருகின்றனவா, அடைத்துவிட்டால் நல்லதா என்று முதலாளி கேட்டிருந்தார். ஆறு கட்டங்கள் போட்டு, மழைக்காலமான ஐப்பசியில் ஒருமுறை, பனி விழும் தையில் ஒருமுறை, ஒவ்வொரு கட்டத்திலும் என்னென்ன முளைத்திருக்கிறது என்று எழுதிவர வேண்டும். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. முதலாளிக்கு ஒரு பதில் சொல்லும் அளவுக்கான வேலை.

புல் மூடிய இரண்டு சரிவுகள் வந்து சேரும் இடம் அது. நடுவில் ஈரம், ஈரத்தின் விளிம்பில் மேடு மேடாக ஈச்சை. சமவெளியில் ஏரிக்கரையில் நெட்டையாக நிற்கும் ஈச்சமரம் அல்ல இது. இடுப்புக்கு மேல் வளராத மலை ஈச்சை. ஊரில் ஈஞ்சு என்பார்கள். அந்தத் தூர்களுக்கு இடையே வெயில் படும் ஈர மண்ணில்தான் நான் தேடிப்போன சிறியவை எல்லாம் இருந்தன. வல்லாரை, வெள்ளைச் சட்டைப் பொத்தானைக் குச்சியில் குத்தி வைத்தது போலப் பூக்கும் ஒரு பூண்டு, ஊதா நிறத்தில் அரிசி அளவே பூக்கும் இன்னொன்று, மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் அழுகண்ணி. அழுகண்ணி பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக இருக்காது. சிவந்த இலை நுனிகளில் பசை துளித்துளியாக நிற்கும். கொசு வந்து உட்கார்ந்தால் பிடித்துக்கொள்ளும். முழங்காலிட்டுப் பார்த்தால்தான் தெரியும். நான் ஒரு கட்டத்துக்கு மூன்று மணி நேரம் முழங்காலிட்டுக் கிடந்தேன். அப்போதே எனக்கு இடுப்பு வலி உண்டு. எழுந்திருக்கும்போது குச்சியை ஊன்றிக்கொண்டு எழுவேன். இதையெல்லாம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வெள்ளக்கடையில் ஒரு சரிவு நிலமும், அதில் சாமையும், வேலியோரம் நான்கு பலாவும், பலாவின் நிழலில் கொஞ்சம் காப்பியும் உள்ள குடும்பம். சாமை அறுப்பு முடிந்ததும் தையிலும் மாசியிலும் ஊர்ப் பெண்கள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு பள்ளத்தில் ஓலை வெட்டுவார். வீட்டு முற்றத்தில் காயவைத்து, கிழித்து, துடைப்பமாகச் சீமாறு கட்டி, மொபெட்டில் ஏற்றி ஏற்காடு பஜாருக்குக் கொண்டுபோவார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு புதர் தானாக வளைவு திரும்பிப் போவது போல இருக்கும். வெட்டுவதற்கு அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. இந்த வருடம் பள்ளத்தின் மேல்பாதி என்றால் அடுத்த வருடம் கீழ்ப்பாதி. ஊற்றுக்கண் இருக்கும் பக்கம் யாரும் வெட்டுவதில்லை. செருப்போடு போவதும் இல்லை. வெட்டிய பாதியில் கோடையில் அக்காவின் இரண்டு மாடுகள் மேயும். நான் ஆசிரியை அல்ல என்று எத்தனை முறை சொல்லியும் அவர் என்னை டீச்சரம்மா என்றுதான் அழைத்தார். நோட்டும் பேனாவுமாக மலையேறி வருகிறவர்கள் எல்லாம் டீச்சர்தான் என்பது அவருடைய முடிவு. என்ன கணக்கு எடுக்கிறேன் என்று அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. காலையில் பார்த்தால், "வந்துட்டீங்ளா? ஏனுங்க, சாப்புட்டாச்சுங்ளா?" என்பார். மதியம் ஆரஞ்சு உரித்துச் சுளையைத் தருவார். என் கையெல்லாம் சேறாக இருப்பதால் சுளையை நேராக வாயிலேயே வைப்பார். இவ்வளவு நெருக்கத்திலும் அந்த ஒரு கேள்வி எங்களுக்குள் வரவில்லை.

மூன்று கட்டங்கள் ஓலை வெட்டும் பக்கத்தில் இருந்தன, மூன்று ஊற்றுப் பக்கம். ஐப்பசியில் இரண்டு பக்கமும் செழிப்பாக இருந்தன. உண்மையில் வெட்டும் பக்கமே கொஞ்சம் அதிகம். தையில் போய்ப் பார்த்தபோது ஊற்றுப் பக்கம் அப்படியே இருந்தது. வெட்டும் பக்கத்து மூன்று கட்டங்களிலும் ஈச்சையைத் தவிர ஒன்றும் இல்லை. அழுகண்ணி ஒன்றுகூட இல்லை. வல்லாரையின் ஒரு கொடிகூட இல்லை. எனக்கு மனம் கனத்துப்போனது. ஆனாலும் எழுத வேண்டியதை எழுதினேன். மண்ணில் ஆணி அளவு சிறு குழிகள் இருப்பதையும் பார்த்தேன், எழுதினேன். "நண்டு வளையோ?" என்று ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காமல் நோட்டை மூடினேன். பேராசிரியர் என் குறிப்பை வைத்து முதலாளிக்கு எழுதினார்: ஓலை வெட்டுவதாலும் மாடு மிதிப்பதாலும் சிறு செடிகள் முழுவதும் அற்றுப்போய்விட்டன, பள்ளத்தை அடைப்பது நல்லது. கீழே அவர் கையெழுத்தோடு, கணக்கெடுத்தவர் என்று என் கையெழுத்தும் இருந்தது. பங்குனியில் கல்தூண் நட்டு முள்கம்பி வேலி போட்டார்கள். இரும்புக் கதவு, பூட்டு. சாவி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம்.

அடுத்த தையில் அக்காவுக்கு ஓலை இல்லை. அவர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனார். இதை எனக்குச் சொன்னது அவர் அல்ல. வேறு ஒரு வேலையாக ஏற்காடு போனபோது பழம் எடைபோடும் இடத்தில் அவரைத் தற்செயலாகப் பார்த்தேன். இடுப்பில் கூடை கட்டியிருந்தார். பக்கத்தில் நின்ற பெண்களில் ஒருத்தி என் காதில் விழும்படியே, "அக்காளோட கூட்டாளி வந்திருக்குதுடி. இன்னிக்கி எதுக்கு வேலி போடப்போறாங்களோ, நம்ம கூடையப் பத்தரமா புடிச்சுக்கங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னிடம் வந்து இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பறிக்கிற வேலை எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். வேலை ஒன்றும் கஷ்டம் இல்லை என்றார். "ஆனா விசிலு ஊதுனா ஓடோணும், விசிலு ஊதுனாத்தான் சோத்த எடுக்கோணும். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல பள்ளிக்கூடம் போற மாதிரி இருக்குதுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த ஓலை வெட்டில் அவருக்கு என்ன இருந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. வருடத்தில் அந்த இரண்டு மாதம் அவர் யாருக்கும் ஆள் இல்லை. எந்தத் தூரை எப்போது வெட்டுவது, எப்போது உட்கார்ந்து வெற்றிலை போடுவது என்பதை அவரே முடிவு செய்தார். நான் கையெழுத்துப் போட்டு அதை எடுத்துவிட்டேன். அழுகண்ணிக்காகத்தானே என்று பஸ்ஸில் இறங்கும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலைப்பாதையின் வளைவுகள் முடிவதற்குள் அது ஆறுதலாக இல்லாமல் போய்விட்டது.

வேலி போட்ட பிறகு வந்த இரண்டாவது ஐப்பசியில் மறுபடி கணக்கெடுக்கப் போனேன். குச்சிகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. தேட ஒரு ஆள் வேண்டும் என்று ரைட்டரிடம் கேட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டேன். கதவைத் திறந்து உள்ளே போனதும் அவர் நின்றுவிட்டார். வெட்டாத ஈச்சைத் தூர்களில் பழைய ஓலைகள் காய்ந்து பாவாடை போலத் தொங்கின. தூருக்கும் தூருக்கும் நடுவே இடம் இல்லாமல் நெஞ்சளவு புல். மேட்டில் உண்ணிச்செடி ஏறத் தொடங்கியிருந்தது. வெயில் மண்ணைத் தொட வழியே இல்லை. "என்னங்க இது, சாமி இல்லாத கோயிலாட்ட கெடக்குது" என்றார். ஒரு மணி நேரம் புல்லை விலக்கித் தேடி முதல் கட்டத்தைக் கண்டுபிடித்தோம். நான் பையிலிருந்து லென்சை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அதற்குள் அக்கா கயிற்றுக்கு உள்ளே கையை விட்டு, முளைத்திருந்ததை எல்லாம் வேரோடு பிடுங்கி வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

நான் போட்ட சத்தத்தில் அவர் கையை எடுத்துக்கொண்டார். குழப்பமாகப் பார்த்தார். "ஏனுங்க? முன்னயும் பண்ணதுதானுங்களே. நீங்க வர்றீங்கன்னு ரைட்டரு சொன்னதும் மொத நாளே வந்து சுத்தம் பண்ணி வெச்சிட்டேன். போன தடவ மூணு கட்டமும் மொழுகி வெச்ச மாதிரி இருந்துச்சுங்களே? இந்த வாட்டி பூட்டிப் போட்டாங்க, அதான் முடியல."

எதற்காக என்று கேட்டேன். "நீங்க ஈஞ்சு எண்ணத்தான வர்றீங்க? அதுல இந்தப் பாசியும் பூண்டும் மறச்சுக்கிட்டு, நீங்க மண்டி போட்டுத் தொழாவிக்கிட்டு, எந்திரிக்க முடியாம எந்திரிக்கறதப் பாத்தா மனசு கேக்குமுங்களா?" என்றார். ஊற்றுப் பக்கம் ஏன் செய்யவில்லை என்றேன். அங்கே கை வைப்பது வழக்கமில்லை, அதனால் அந்த மூன்றையும் நான் சிரமப்பட்டுத்தான் எண்ண வேண்டியிருக்கும் என்று தனக்கு வருத்தம்தான் என்றார்.

ஆணி அளவு குழிகள். நண்டு அல்ல, அக்காவின் விரல்கள். நான் ஈச்சையை எண்ணவில்லை, அவர் பிடுங்கியதைத்தான் எண்ண வந்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். சொன்னால் அவருடைய நல்ல மனசே அவருக்கு வேலியானது என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் வேலி அப்படியே நிற்கும். மேட்டில் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்டவற்றிலிருந்து ஒரு வல்லாரையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டையும் காட்டினேன். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். என் கேள்விக்குறியின் மேல் விரலை வைத்தார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். "அப்ப நீங்களும் நானும் சேந்துதான் இந்த வேலியப் போட்டிருக்கறோம்னு சொல்லுங்க" என்றார். பிறகு, அதுவரை அழைக்காத விதமாக, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல கண்ணு" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பேராசிரியர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணியது தப்பாக இருக்கலாம், ஆனால் வேலி எப்படியும் நல்லதுதானே, போட்டது இருக்கட்டும் என்றார். அது நல்லதாக இல்லை என்று காட்ட என்னிடம் ஐப்பசிக் கணக்குகள் இரண்டும் இருந்தன. அக்கா வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் சுத்தம் செய்யத் தொடங்கும் முன் எடுத்த முதல் கணக்கில் அந்தப் பக்கம்தான் செழிப்பானது. அடைத்த பிறகு, அந்தப் பக்கத்தில் அவர் கை வைக்காத மற்ற இரண்டு கட்டங்களிலும் அழுகண்ணி இல்லை. ஊற்றை ஒட்டிய இடம் போக, ஓலை வெட்டி, மாடு மேய்ந்து, வருடம் விட்டு வருடம் வெயில் விழுந்த இடத்தில்தான் அந்தச் சிறியவை பிழைத்திருந்தன. மனிதர் கை படுவதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அந்தச் சரிவுக்கு அப்பால் இதே போன்ற இன்னொரு பள்ளத்தில் விடுதி கட்டுவதற்காக மண் கொட்டி நிரப்பினார்கள். அங்கே இன்று உண்ணிச்செடியும் பிளாஸ்டிக் பாட்டில்களும்தான். லாரி மண்ணும் அக்காவின் அரிவாளும் ஒன்றல்ல. என் அறிக்கை இரண்டையும் அழிவு என்ற ஒரே வார்த்தையில் அடக்கியிருந்தது. என் கணக்கு தவறு, ஏன் தவறு என்று இரண்டு பக்கம் எழுதி, என் பெயரில் கையெழுத்திட்டு, பேராசிரியரின் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு தன் கையெழுத்தையும் போட்டார். அக்காவின் பெயரை அதில் எழுதவில்லை. கட்டங்கள் கணக்கெடுப்பவரின் கவனக்குறைவால் கெட்டன என்று எழுதினேன். அது பொய் அல்ல.

ரைட்டர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏனுங்கம்மா, அடைக்கோணும்னு எழுதுனதும் நீங்க, தொறக்கோணும்னு எழுதறதும் நீங்க. மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார். ஒரு ஆளுக்குத் தப்பு தெரிந்துவிட்டது என்று சொல்லுங்கள் என்றேன். முதலாளிக்கு என்ன சொன்னாரோ, தை பிறந்ததும் ஊற்றுக்கண்ணைச் சுற்றி மட்டும் வேலியை விட்டுவிட்டு, மற்றப் பக்கம் கம்பியைச் சுருட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் தையிலும் போய்வருகிறேன். எண்ணும்போது அக்கா உடன் இருப்பார். எதை எண்ணுகிறேன் என்று அவருக்கு இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும். சிறிய சிவப்பு வட்டங்களை நான் பார்ப்பதற்கு முன்பே அவர் பார்த்துவிடுவார். வெட்டும் பக்கத்தில் இரண்டு கட்டங்களில் அழுகண்ணி திரும்ப வந்தது. மூன்றாவதில் இன்றுவரை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதிவைத்திருக்கிறேன். இரண்டு வருடமாக அக்காவுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மருமகள் வந்து வெட்டுகிறாள். அக்கா மேலே ரோட்டோரம் மொபெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, யார் எந்தத் தூரை விட்டுவிட்டார்கள் என்று அங்கிருந்தே சத்தம் போடுகிறார். என் நாட்குறிப்பில் தேதி, மழை, காற்று என்பதோடு இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது. அன்று யாரிடம் என்ன கேட்டேன் என்பது.

ஆனாலும் அவரை நினைக்கும்போது, கம்பியைச் சுருட்டிய அந்தத் தை மாத நாள்தான் கடைசியில் வந்து நிற்கிறது. அரிவாளோடு உள்ளே போனவர் ஓலை வெட்டவில்லை. தூர் தூராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பள்ளத்தைச் சுற்றிவந்தார். இரண்டு வருடம் வெட்டாத ஓலை முற்றிச் சொரசொரத்துப்போயிருந்தது. சீமாறுக்கு ஆகாது. காய்ந்ததை எல்லாம் கழித்துவிட்டு ஒரு வருடம் காத்திருந்தால்தான் நல்ல ஓலை வரும் என்றார். ஆக, திறந்துவிட்ட பிறகும் அந்தத் தையிலும் அவருக்கு ஓலை இல்லை. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கதவைத் திறந்தால் என் தவறு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவர் முந்தானையை இறுக்கிக்கொண்டு முதல் தூரில் உட்கார்ந்து கழிக்கத் தொடங்கினார். கூலி கிடையாது, விற்பதற்கும் ஒன்றும் கிடையாது. நான் கல்லூரிக்கு நான்கு நாள் விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, இன்னொரு அரிவாளை வாங்கிக்கொண்டு அடுத்த தூரில் உட்கார்ந்தேன். ஈச்சையின் ஓலைக் காம்பில் ஊசி முள் இருக்கும் என்று தாளில் பலமுறை எழுதியிருக்கிறேன். கையில் ஏறினால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற என் பழக்கத்தில், தூரைச் சுற்றி மொட்டையாக, ஒரு ஓலையும் மிச்சம் இல்லாமல் கழித்துக்கொண்டே வந்தேன். நடுவில் விரல் நீளத்துக்கு, வெளிறிய பச்சையில் சுருண்டு நின்ற ஒன்றின் மேல் அரிவாளை வைத்தபோது அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அந்தக் குருத்த உடுங்க கண்ணு," என்றார். "அதுதான் அடுத்த வருசம்."